விருந்தினரின் பங்கு

2006ஆம் ஆண்டின் முதல் நாள். மொன்றியல் நகரத்தில் லஷீன் கால்வாயை ஒட்டிய பொயின்ட் செயின்ட் சார்ல்ஸ் ஒரு பழைய தொழிலாளர் குடியிருப்பு. அங்குள்ள புனித கபிரியேல் ஆலயத்துக்குள் அன்று ஒருவர் அடைக்கலம் புகுந்தார். அல்ஜீரியாவில் பிறந்தவர், கண்பார்வை இல்லாதவர். அவருடைய அகதி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டிருந்தது; நாடுகடத்தும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. பங்குத்தந்தையும் பங்கு மக்களும் அவரை வைத்துக்கொண்டார்கள். நிரந்தரமாகத் தங்கும் உரிமை கிடைத்து 2009 அக்டோபரில் அவர் வெளியே வந்தபோது மூன்றே முக்கால் ஆண்டுகள் கடந்திருந்தன. அத்தனை காலமும் அந்த வளாகமே அவருக்கு உலகம்.

கோயிலுக்குள் இருப்பவரைக் கைதுசெய்யக் கூடாது என்று கனடாவில் சட்டம் எதுவும் இல்லை. காவலர்கள் பொதுவாக வாசலோடு நின்றுவிடுவார்கள் என்ற வழக்கம் மட்டுமே உண்டு. அந்த வழக்கமும் 2004 மார்ச்சில் உடைந்தது. கியூபெக் நகரில் ஐக்கிய சபையின் ஆலயம் ஒன்றுக்குள் காவலர்கள் நுழைந்து, அங்கே தங்கியிருந்த வேறொரு அல்ஜீரியரைப் பிடித்துச் சென்றார்கள். அது நடந்து இரண்டு ஆண்டுகள்கூட ஆகவில்லை. கதவு எந்த நேரமும் தட்டப்படலாம் என்று தெரிந்தேதான் புனித கபிரியேல் பங்கு தன் விருந்தினரை ஏற்றுக்கொண்டது.

ஒரு சிறிய பங்குக்கு இந்தத் துணிவு எங்கிருந்து வந்தது? விடையின் ஒரு பகுதி அந்த ஆலயத்திலிருந்து நடந்துபோகும் தூரத்தில், விக்டோரியா பாலத்துக்குப் போகும் சாலையின் நடுவே, ஒரு கரும்பாறையாக நிற்கிறது.

காய்ச்சல் கொட்டகைகள்

1847இல் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் அழுகிப் பெரும் பஞ்சம் தலைவிரித்தாடியது. அந்த ஓராண்டில் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் கப்பலேறி இன்றைய கனடாவுக்குப் புறப்பட்டார்கள். மரம் ஏற்றிவந்த கப்பல்கள் திரும்பும்போது மனிதரை அடைத்துக்கொண்டு போயின. கூடவே டைபஸ் காய்ச்சலும் பயணம் செய்தது. மொன்றியல் துறைமுகத்தில் இறங்கியவர்களை வைக்க பொயின்ட் செயின்ட் சார்ல்ஸ் கரையில் மரக்கொட்டகைகள் எழுந்தன. அந்தக் கொட்டகைகளிலும் சுற்றிலும் ஏறத்தாழ 6,000 பேர் இறந்தார்கள்.

முதலில் கொட்டகைக்குள் போனவர்கள் சாம்பல்நிறக் கன்னியர் என்று அழைக்கப்பட்ட சபையினர். மார்கரெட் டி யூவில் என்ற கைம்பெண் 1737இல் தொடங்கிய சபை அது. அவர் 1990இல் புனிதராக அறிவிக்கப்பட்டார். கொட்டகைகளில் பணிசெய்த அந்தக் கன்னியரில் ஏழு பேர் காய்ச்சலுக்குப் பலியானார்கள். மற்றவர்களும் படுக்கையில் விழ, வேறு சபைக் கன்னியர் வந்தார்கள். மடத்தின் அடைப்பை விட்டு வெளியே வராத ஓத்தேல்-தியே மருத்துவமனைக் கன்னியருக்கும் ஆயர் இஞ்ஞாஸ் பூர்ஜே வெளிவர அனுமதி அளித்தார். அவரும் நோயில் விழுந்து பிழைத்தார். கொட்டகைகளுக்குப் போய்வந்த நகரத் தந்தை ஜான் மில்ஸ், அந்த ஆண்டு நவம்பரில் அதே காய்ச்சலில் இறந்தார்.

அநாதையாக நின்ற பிள்ளைகளை ஏற்கும்படி ஆயர் பங்குகளைக் கேட்டார். கிராமங்களிலிருந்து பிரெஞ்சு பேசும் குடியானவர்கள் வந்து, மொழி தெரியாத பிள்ளைகளைக் கைபிடித்துக் கூட்டிப்போனார்கள். சில வீடுகளில் அவர்கள் பிள்ளைகளாக வளர்ந்தார்கள். சில வீடுகளில் வயலுக்கான கைகளாக. இரண்டையும் வரலாறு பதிந்துவைத்திருக்கிறது.

பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, விக்டோரியா பாலம் கட்டிய தொழிலாளர்கள் அந்தக் கரையில் எலும்புகளைக் கண்டார்கள். இறந்தவர்களின் இடம் அழிந்துவிடக் கூடாது என்று, ஆற்றுப் படுகையிலிருந்து ஏறத்தாழ 30 டன் எடையுள்ள பாறையை இழுத்துவந்து 1859இல் நட்டார்கள். அதுதான் கரும்பாறை. பிழைத்தவர்களில் பலர் கால்வாய்க் கரைத் தொழிற்சாலைகளில் வேலைக்குச் சேர்ந்து அதே பகுதியில் குடியமர்ந்தார்கள். 1870இல் அந்த ஐரிஷ் மக்களுக்கென எழுந்த பங்குதான் புனித கபிரியேல். அதை ஒட்டியே பிரெஞ்சு மொழியினருக்கான புனித சார்ல்ஸ் ஆலயம். ஒரே தெருவில், அருகருகே, ஒரே விசுவாசத்தின் இரண்டு மொழிகள்.

சொல்லுக்குள் ஒரு வழிப்போக்கர்

தமிழ்க் கத்தோலிக்கருக்குப் 'பங்கு' என்ற சொல் தினசரி வழக்கு. பங்குத்தந்தை, பங்குப் பேரவை, பங்குத் திருவிழா. பகிர்ந்தளித்ததில் ஒருவருக்கு உரிய கூறு என்பதே அச்சொல்லின் பொதுப் பொருள். ஆங்கிலத்தின் 'பாரிஷ்', பிரெஞ்சின் 'பாருவாஸ்' இரண்டும் வேறோர் இடத்திலிருந்து வந்தவை. அவற்றின் வேர் 'பரோய்கியா' என்ற கிரேக்கச் சொல். அதற்குப் பொருள், சொந்த ஊர் அல்லாத இடத்தில் அந்நியராகத் தங்கி வாழ்தல். தொடக்கக் காலக் கிறிஸ்தவர்கள் தங்களை எந்த ஊரிலும் தற்காலிகக் குடிகளாகவே எண்ணினார்கள். பின்னால் எல்லையும் பதிவேடும் மணிக்கூண்டும் கொண்ட நிறுவனத்துக்கு அதே பெயர் நிலைத்துவிட்டது.

விருந்தோம்பலுக்குப் புதிய ஏற்பாட்டில் வரும் கிரேக்கச் சொல் 'பிலோக்செனியா'. அந்நியர்மேல் அன்பு என்பது அதன் பொருள். தமிழில் 'விருந்து' என்றால் முதலில் புதுமை. பிறகு புதிதாக வந்தவர். அதற்கும் பிறகுதான் அவருக்குப் படைக்கும் சோறு. திருவள்ளுவர் விருந்தோம்பலுக்கு ஓர் அதிகாரமே ஒதுக்கி, அதை இல்லறத்தின் கடமைகளுள் வைத்தார். பிரெஞ்சில் 'ஓத்' என்ற ஒரே சொல் உபசரிப்பவரையும் குறிக்கும், வந்தவரையும் குறிக்கும்.

இந்தச் சொற்களை ஒன்றாக வைத்துப் பார்த்தால் ஒரு பங்கின் விருந்தோம்பலை அளக்கும் கோல் கிடைக்கிறது. எத்தனை பேருக்குச் சோறு போட்டது என்ற கணக்கு மட்டும் போதாது. அந்நியராக வந்தவர் ஒருநாள் அங்கே தமக்குரிய பங்கைப் பெற்று, அடுத்து வருபவருக்குக் கதவு திறக்கிறாரா என்பதையும் பார்க்க வேண்டும். மொன்றியலின் வரலாறு இந்தக் கோலுக்கு நன்றாகவே ஈடுகொடுக்கிறது. சில இடங்களில் தோற்றும் போகிறது.

முதல் விருந்து படைத்தவர்கள் கிறிஸ்தவர்கள் அல்லர். 1535 அக்டோபரில் பிரெஞ்சுக் கடலோடி ஜாக் கார்ட்டியே ஆற்று வழியே வந்து இறங்கியபோது, ஓஷலாகா என்ற முதற்குடி ஊரின் மக்கள் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் கரைக்கு வந்து வரவேற்றார்கள். மீனும் சோள ரொட்டியும் கொடுத்தார்கள். அவர்கள் அழைத்துச் சென்று காட்டிய மலைக்கு அவர் வைத்த 'மோன் ருவாயல்' என்ற பெயரிலிருந்துதான் நகரத்தின் பெயர் பிறந்தது. 1642 மே மாதத்தில் வில்-மரி, அதாவது மரியாவின் ஊர், என்ற பெயரில் குடியேற்றம் தொடங்கியது. அதை நிறுவியவர்களில் ஒருவரான ஜான் மான்ஸ் அமைத்த மருத்துவமனைக்குப் பெயர் ஓத்தேல்-தியே. கடவுளின் விருந்தகம் என்று அதைத் தமிழாக்கலாம். 1658இல் மார்கரெட் பூர்ஜுவா நகரின் முதல் பள்ளியை ஒரு பழைய மாட்டுத்தொழுவத்தில் தொடங்கினார். கடவுளின் பெயரால் கதவு திறந்தவர்கள் எல்லாரும் பிறர் நிலத்தில் விருந்தினராக வந்தவர்களே.

வாயிற்காப்போன்

மொன்றியலின் மிகப் பெரிய கோயிலுக்குக் காரணமானவர் ஒரு வாயிற்காப்போன். 1845இல் ஏழைக் குடும்பத்தில் பிறந்து, சிறுவயதிலேயே பெற்றோரை இழந்து, அதிகம் எழுதப் படிக்கத் தெரியாத அல்பிரட் பெசெட், திருச்சிலுவைச் சபையில் சேர்ந்து சகோதரர் ஆந்திரே ஆனார். நலிந்த உடம்பு. கோட்-டெ-நேஜ் பகுதியில் சபை நடத்திய நோத்ர்-டாம் கல்லூரியில் கதவு திறக்கும் வேலை கொடுத்தார்கள். ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அதைச் செய்தார்.

மணி அடித்தவர்களில் நோயாளிகள் பெருகினார்கள். அவர் கேட்டார், புனித சூசையப்பரிடம் வேண்டச் சொன்னார், எண்ணெய் பூசினார். நோயாளிகள் கல்லூரிக்குள் வருவதைப் பெற்றோர் விரும்பவில்லை. தெருவுக்கு எதிரே இருந்த டிராம் நிறுத்தத்தில் உட்கார்ந்து அவர்களைச் சந்தித்தார். 1904இல் மலைச்சரிவில் ஒரு சிறு சிற்றாலயம் எழுந்தது. அதுதான் வளர்ந்து இன்றைய புனித சூசையப்பர் பேராலயமாக நிற்கிறது. 1937 ஜனவரி 6ஆம் நாள் தமது 91ஆம் வயதில் அவர் இறந்தபோது, ஏறத்தாழ பத்து லட்சம் பேர் கடுங்குளிரில் வரிசையில் நின்று உடலைத் தரிசித்தார்கள். 2010 அக்டோபர் 17ஆம் நாள் அவருக்குப் புனிதர் பட்டம் வழங்கப்பட்டது. பேராலயத்துக்கு ஏறும் 283 படிகளில், நடுவில் உள்ள 99 மரப்படிகள் முழங்காலில் ஏறுபவர்களுக்கென்றே விடப்பட்டிருக்கின்றன.

சூசையப்பர் தமிழுக்குப் புதியவர் அல்லர். வீரமாமுனிவர் 1726இல் முடித்த தேம்பாவணியின் தலைவன் வளன் அவர்தான். 3,615 பாடல்கள் கொண்ட அந்தக் காப்பியத்தில், குழந்தையின் உயிரைக் காக்க இரவோடு இரவாக எகிப்துக்கு ஓடும் ஒரு தகப்பன் இருக்கிறார். வீரமாமுனிவர் இன்றைய அரியலூர் மாவட்டத்து ஏலாக்குறிச்சிக்குத் திருக்காவலூர் என்று பெயரிட்டார். அங்கே அவர் எழுப்பிய கோயிலின் அன்னைக்கு அடைக்கல மாதா என்று பெயர். 1952இல் பாப்பிறை பன்னிரண்டாம் பயஸ் புலம்பெயர்ந்தோரின் ஆன்மிகப் பணிக்கென வெளியிட்ட 'எக்சுல் பமிலியா' என்ற ஆவணமும் எகிப்துக்கு ஓடிய அதே திருக்குடும்பத்திலிருந்துதான் தொடங்குகிறது. எல்லா அகதிக் குடும்பங்களுக்கும் அதுவே முன்மாதிரி என்கிறது.

இரண்டு உயிர்காப்புப் படகுகள்

1986 ஆகஸ்ட் 11. நியூபவுண்ட்லாந்துத் தீவின் தெற்குக் கடலில், மீன்பிடிக்கப் போயிருந்த கஸ் டால்ட்டன் என்ற படகுத் தலைவர் மூடுபனிக்குள் இரண்டு உயிர்காப்புப் படகுகளைக் கண்டார். அவற்றில் நெருக்கியடித்துக்கொண்டு 155 ஈழத் தமிழர்கள். மேற்கு ஜெர்மனியிலிருந்து ஏற்றிவந்த சரக்குக் கப்பல் அவர்களை நடுக்கடலில் இறக்கிவிட்டுப் போயிருந்தது. டால்ட்டன் அவர்களைக் காப்பாற்றினார். மற்றப் படகுகளும் உதவிக்கு வந்தன. ஓராண்டு தங்க அனுமதி பெற்று அவர்கள் மொன்றியலுக்கும் டொராண்டோவுக்கும் போனார்கள். முப்பது ஆண்டுகள் கழித்து, 2016இல், அவர்களில் சிலர் நன்றி சொல்ல அந்த மீனவரைத் தேடிச் சென்றார்கள்.

அந்தக் காலத்தில் மொன்றியலுக்கு வந்த ஈழத் தமிழர் பலர் வாடகை குறைந்த கோட்-டெ-நேஜிலும் பார்க் எக்ஸ்டென்ஷனிலும் குடியேறினார்கள். கோட்-டெ-நேஜில் ஜன்னலைத் திறந்தால் சூசையப்பர் பேராலயத்தின் குவிமாடம். கத்தோலிக்கரோடு சைவர்களும் அங்கே போய் மெழுகுதிரி ஏற்றினார்கள். யாழ்ப்பாணத்தையும் மன்னாரையும் அறிந்தவர்களுக்கு இதில் வியப்பில்லை. மடு மாதா கோயிலுக்குச் சைவர்கள் நேர்த்தி வைத்துப் போவது காலங்காலமாக இருப்பது.

மடுவின் கதையே அடைக்கலத்தின் கதை. ஒல்லாந்தர் கத்தோலிக்கரை ஒடுக்கிய 1670 அளவில், மாந்தைக் கோயிலின் மாதா சொரூபத்தைத் தூக்கிக்கொண்டு மக்கள் காட்டுக்குள் ஓடினார்கள். அந்தக் காடுதான் மடு. 1990இல் போர் மூண்டபோது கோயில் நிலம் பல்லாயிரம் அகதிகளின் முகாமானது. 1999 நவம்பரில் அந்த வளாகத்திலேயே குண்டு விழுந்து, தஞ்சம் புகுந்திருந்த நாற்பது பேரளவில் இறந்தார்கள். அதற்கு நான்கு ஆண்டுகள் முன், 1995 ஜூலை 9ஆம் நாள், நவாலி புனித பேதுருவானவர் கோயிலில் ஒதுங்கியிருந்த நூற்றுக்கு மேற்பட்டோர் வான்குண்டுக்கு இரையானார்கள். 2008 ஏப்ரலில் மடு மாதா சொரூபமே மறுபடியும் இடம்பெயர்ந்து, ஆகஸ்டில் திரும்பியது. கோயில் காப்பாற்றும் என்று ஓடிப்போன அனுபவமும், கோயிலாலும் காப்பாற்ற முடியாமற்போன அனுபவமும் ஒருசேரக் கொண்ட மக்கள்தான் மொன்றியலுக்கு வந்து சேர்ந்தார்கள்.

மொழிவாரியாகவும் பங்குகளை அமைக்கலாம் என்று திருச்சபைச் சட்டத்தின் 518ஆம் விதி அனுமதிக்கிறது. மொன்றியலில் இந்த ஏற்பாடு அதற்கும் மூத்தது. ஐரிஷ் மக்களுக்கான புனித பத்திரிக்கு ஆலயம் 1847 மார்ச் 17இல், காய்ச்சல் கப்பல்கள் வருவதற்குச் சில மாதங்களுக்கு முன், திறக்கப்பட்டது. 1905இல் இத்தாலியருக்கென ஒரு பங்கு. அந்த வரிசையில் தமிழருக்கு ஒரு பணித்தளம் உருவானது. பிரெஞ்சில் அதன் பெயர் நோத்ர்-டாம்-டெ-லா-டெலிவ்ரான்ஸ். துயரிலிருந்து விடுவிக்கும் அன்னை என்று பொருள். கடலில் விடப்பட்டவர்களையும் காட்டில் ஒளிந்தவர்களையும் உறவாகக் கொண்ட ஒரு சமூகத்துக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் கிடைப்பது அரிது.

புலம்பெயர்ந்த பணித்தளம் ஒன்று செய்யும் வேலைகளில் பாதி எந்தப் பதிவேட்டிலும் ஏறாது. புதிதாக வந்தவருக்குப் பூசை முடிந்ததும் யாராவது ஒருவர் தேத்தண்ணியை நீட்டி எந்த ஊர் என்று கேட்பார். அந்த ஒரு கேள்வியிலிருந்து வாடகை வீடு, பிள்ளைக்குப் பள்ளி, குளிர்ச் சட்டை, வேலை என்று இழை இழையாக நீளும். மரணச் செய்தி ஊரிலிருந்து வந்தால், போக முடியாத மகனின் வீட்டில் செபமாலை சொல்ல ஆட்கள் வந்துவிடுவார்கள். யாழ்ப்பாணத்தில் பங்குமனை முற்றத்தில் நடந்ததெல்லாம் இங்கே கோயிலின் நிலவறை மண்டபத்தில் நடக்கும்.

இந்த விருந்தினர்கள் ஒரு பழைய புண்ணியத்தலத்துக்கே புத்துயிர் கொடுத்தார்கள். மொன்றியலுக்கு மேற்கே, ஒட்டாவா போகும் வழியில், ரிகோ என்ற சிற்றூரின் மலைச்சரிவில் 1874இல் புனித வியாத்தர் சபைச் சகோதரர் ஒருவர் லூர்து மாதா சொரூபத்தை வைத்தார். கோடையில் தமிழர்கள் அங்கே ஆயிரக்கணக்கில் திருயாத்திரை போகிறார்கள். சமைத்த சாப்பாடு, பாய், பாட்டிமார், ஓடித்திரியும் பிள்ளைகள், மரநிழலில் பூசை என்று அந்த ஒரு நாள் ரிகோ மடுவாகிவிடுகிறது. கூட்டத்தில் திருநீறு பூசிய நெற்றிகளும் கலந்திருக்கும்.

திறப்பு யார் கையில்

தமிழர்கள் இப்படி வந்து சேர்ந்தது, மொன்றியல் அடங்கிய கியூபெக் மாகாணத்தின் சொந்தப் பங்குகள் வெறுமையாகிக்கொண்டிருந்த காலத்தில். 1960களின் 'அமைதிப் புரட்சி'யில் மருத்துவமனையும் பள்ளியும் நலத்திட்டமும் கன்னியர் கையிலிருந்து அரசின் கைக்கு மாறின. ஞாயிறு பூசைக்குப் போகும் வழக்கம் ஒரு தலைமுறைக்குள் சரிந்தது. 2003இல் எடுத்த கணக்கெடுப்பில், 1975க்கு முன் கட்டிய வழிபாட்டுத் தலங்கள் கியூபெக்கில் 2,751 இருந்தன. அவற்றில் நூற்றுக்கணக்கானவை அதன்பின் மூடப்பட்டன, விற்கப்பட்டன, அல்லது வேறு பயனுக்கு மாறின. பல கோயில்களில் பின்வரிசை வரை ஆள் நிறைவது புலம்பெயர்ந்தோரின் பூசையில்தான்.

அந்த மாற்றத்துக்குப் பின்னால் ஒரு நியாயமான கோபமும் இருந்தது. 1940களிலும் 50களிலும், திருச்சபை நடத்திய காப்பகங்களில் இருந்த ஆயிரக்கணக்கான பிள்ளைகள் மனநோயாளிகள் என்று பொய்யாகப் பதிவுசெய்யப்பட்டு அடைத்துவைக்கப்பட்டார்கள். 'டூப்ளெசி அநாதைகள்' என்ற பெயரில் அந்தக் கொடுமை பின்னர் வெளிவந்தது. உள்ளே வந்தவருக்குக் குரலும் உரிமையும் மறுக்கப்பட்டால் அடைக்கலம் சிறையாக மாறும் என்பதற்கு மொன்றியலே சாட்சி. சிறிய அளவில் இதே கேள்வி ஒவ்வொரு மொழிப் பணித்தளத்திலும் எழுகிறது. ஞாயிறு பிற்பகல் நேரம் மட்டும் ஒதுக்கப்பட்டவர்கள் எப்போது பங்குப் பேரவையில் உட்காருவார்கள்? மண்டபத்தின் திறப்பு யார் கையில்?

வேறு சபைகள் இதற்குத் தத்தம் வழியில் விடை தேடியிருக்கின்றன. ஐக்கிய சபையோடு இணைந்த மொன்றியல் நகரப் பணிமன்றம் 1910இல் தொடங்கி, இன்று அகதிகளுக்குச் சட்ட உதவி செய்கிறது. ஆங்கிலிக்கன், பிரெஸ்பிட்டேரியன் சபைகள் சேர்ந்து 1994இல் 'அக்சியோன் ரெபூஜியே' என்ற அமைப்பைத் தொடங்கின. தனியாக வந்த அகதிப் பெண் ஒருவரையும் உள்ளூர்த் தன்னார்வலர் ஒருவரையும் அது இணை சேர்த்துவிடுகிறது. தடுப்பு முகாமில் இருப்பவர்களையும் போய்ப் பார்க்கிறது.

சாதாரண மக்கள் குழு சேர்ந்து அகதிக் குடும்பத்தை அழைத்துவர 1978இல் நடைமுறைக்கு வந்த குடியேற்றச் சட்டம் வழி திறந்தது. வாடகை, உணவு, உடை எல்லாவற்றுக்கும் முதல் ஓராண்டு அந்தக் குழுவே பொறுப்பு. 1979, 80ஆம் ஆண்டுகளில் வந்த 60,000 இந்தோசீன அகதிகளில் பாதிக்கு மேற்பட்டோர் இவ்வாறு வந்தவர்கள். அழைத்த குழுக்களில் மிகப் பல பங்குகளிலும் சபைகளிலும் உருவானவை. 1986இல், அந்த 155 தமிழர்கள் கரையேறிய அதே ஆண்டில், ஐ.நா. அகதிகள் ஆணையம் தன் நான்சன் விருதை ஒட்டுமொத்தக் கனடிய மக்களுக்கும் வழங்கியது.

2017 கோடையில் அமெரிக்க எல்லையைக் கடந்து அகதிகள் நாள்தோறும் நூற்றுக்கணக்கில் வந்தபோது, நகரம் ஒலிம்பிக் அரங்கத்தைத் திறந்து கட்டில் போட்டது. உயர் மறைமாவட்டம் ஆளில்லாமல் கிடந்த பங்குமனை ஒன்றைச் செப்பனிட்டு, 'லெ போன்', அதாவது 'பாலம்', என்ற பெயரில் அகதிக் குடும்பங்களின் தற்காலிக வீடாக்கியது. சாமியார்கள் குறைந்ததால் காலியான அறைகளில் குழந்தைகள் தூங்கினார்கள்.

2019 நவம்பரில், புதிய ரயில் பாதைக்குத் தூண் நடத் தோண்டியபோது கரும்பாறை அருகே பன்னிரண்டு முதல் பதினைந்து பேரின் எச்சங்கள் கிடைத்தன. 172 ஆண்டுகளுக்கு முன் காய்ச்சல் கொட்டகையில் இறந்தவர்கள். ஆண்டுதோறும் மே மாதக் கடைசி ஞாயிறன்று அவர்களுக்காக ஓர் ஊர்வலம் புறப்படுகிறது. புனித கபிரியேல் ஆலயத்தில் பூசை முடிந்ததும், கொடிகளைப் பிடித்துக்கொண்டு முதியவர்களும் பிள்ளைகளுமாகப் பாறையை நோக்கி நடக்கிறார்கள். 2006 முதல் 2009 வரை அந்த ஊர்வலம் நான்கு முறை கிளம்பியது. நான்கு முறையும், கூட்டம் தெருவில் இறங்கிப் போன பிறகு, பார்வையற்ற ஒருவர் அந்த வளாகத்துக்குள்ளேயே இருந்தார். அவருக்கு இடம் கொடுத்த பங்கு, தன் முன்னோரின் கல்லறைக்குப் போய்த் திரும்பி, அவர் இருந்த அதே வாசலுக்கு வந்தது.